கறுப்பு அடுப்படி



போன மாதம் பதிவே காணோமே டீச்சர் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒரு சின்ன மனத்தாங்கல். அது தீர்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். தீர்ந்துவிட்டது. ஆனால் அது கிளப்பிவிட்ட யோசனை தீரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்த பிள்ளைகள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் என் மகன் வாங்கிய ஃபிளாட்டில் சமையலறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். வரைபடத்தை மருமகள் வாட்ஸாப்பில் அனுப்பினாள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கீழே கப்போர்டு கறுப்பு. மேலே கப்போர்டு கறுப்பு. மேடைக்கல் கறுப்பு, சிங்க் கறுப்பு, தண்ணீர்க் குழாய்கூடக் கறுப்பு. பளபளப்பு கொஞ்சமும் இல்லாத மேட் கறுப்பு. நடுநடுவே பித்தளை நிறத்தில் கைப்பிடிகள். உடனே போன் போட்டேன்.

"இது என்னம்மா, தீப்பிடிச்ச வீடு மாதிரி இருக்கு? நம்ம வழக்கத்துல அடுப்படியில கறுப்பு அடிப்பாங்களா?"

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "ஒரு கலருக்கு ஏன் அத்தை இவ்வளவு கோபம்?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. போனை வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவளுக்குத் தன் கோபத்தின் வரலாறு தெரியவில்லை என்றால் எப்படி? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து யோசித்ததில் முதலில் தெரிந்தது, நான் சொன்னதில் பாதி தப்பு என்பதுதான்.

"நம்ம வழக்கத்துல கறுப்பு கிடையாது" என்றேன் அல்லவா, அது தப்பு. ஒன்பதாம் வகுப்பில் கறுப்பு சிவப்பு மண்கலம் என்று கரும்பலகையில் நானே எழுதிப் போட்டிருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர், நொய்யல் கரையில் கொடுமணல், வைகைக் கரையில் கீழடி, நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி அரிக்கமேடு என்று எங்கே தோண்டினாலும் அது கிடைக்கிறது. இந்தியாவின் மற்ற பகுதிகளிலும் உண்டு. உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பார்த்தால் இரண்டு வண்ணம் பூசியது போல இருக்கும். பெயிண்ட் ஒன்றும் இல்லை. எல்லாம் நெருப்பின் வேலை.

எப்படி என்று சொல்கிறேன். களிமண்ணில் இரும்பின் சத்து இருக்கிறது. சூளையில் காற்று நன்றாகப் பட்டால் அந்த இரும்பு துருவின் நிறத்துக்கு வந்து பானை சிவக்கும். காற்றுப் படாமல் வெந்தால் கறுக்கும். ஆகவே கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, உள்ளே தழையோ உமியோ வைக்கோலோ இருக்கும்படி சுட்டால், உள்ளே காற்றில்லாமல் புகைக்கரி ஏறிக் கறுப்பாகும். வெளியே காற்றுப் பட்ட பக்கம் சிவப்பாகும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம் இது. இரண்டு தடவை சுட்டிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்தக் கறுப்பு தற்செயலாக வந்தது இல்லை. வேண்டும் என்று திட்டம் போட்டு வரவழைத்த கறுப்பு. அதன் மேல் கூழாங்கல்லால் தேய்த்து மெருகும் ஏற்றினார்கள்.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டினார். இறந்தவர்களோடு தாழியில் வைத்த பாத்திரங்களில் இந்தக் கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள் உண்டு. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பேர் கீறியிருக்கிறது. இது என் பாத்திரம் என்று ஒருவர் பேர் எழுதி வைத்துக்கொள்கிற அளவுக்கு அதன் மேல் பிரியம் இருந்திருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற நம் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

அரிக்கமேட்டை 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இன்னொரு சாமான் கிடைத்தது. சாம்பலும் கறுப்புமாக, மெல்லிசாக, தட்டின் உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டம் வட்டமாக ஓடுகிற தட்டுகள். இவ்வளவு நேர்த்தி ரோமாபுரியிலிருந்துதான் வந்திருக்கும் என்று அப்போது நினைத்தார்கள். பிற்பாடு மண்ணைச் சோதித்துப் பார்த்ததில் அது இந்திய மண் என்றே தெரிந்தது. நேர்த்தியான கறுப்பு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று அந்தக் காலத்துப் பண்டிதர்கள் நினைத்த அதே தப்பைத்தான் நானும் மருமகளிடம் செய்தேன்.

அதுபோகட்டும், பழங்காலம். என் அம்மாவின் அடுப்படியிலேயே நல்ல கறுப்பு எத்தனை இருந்தது! இரும்புத் தோசைக்கல். புதிதாக வாங்கும்போது அது சாம்பல் நிறம். எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தால் தேய்த்து, முதல் நாலு தோசையைப் பிய்த்துப் போட்டு, ஒரு மாதம் பழகிய பிறகுதான் கறுத்துப் பளபளக்கும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய ஒரு மெல்லிய தோல். அதனால்தான் தோசை ஒட்டாமல் வருகிறது. சோப்புப் போட்டுச் சுரண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.

கல்சட்டியும் அப்படித்தான். மாக்கல்லில் கடைந்தது. வாங்கும்போது வெளிறிய சாம்பல். கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்து, எண்ணெயும் மஞ்சளும் தடவி, அடுப்பில் மெதுவாகச் சூடு காட்டிப் பழக்கினால் வருஷம் போகப் போகக் கறுக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக் கல்சட்டியின் நிறத்தைப் பார்த்தே அந்த வீட்டுச் சமையலை எடைபோடலாம் என்று என் பாட்டி சொல்வாள். அம்மியும் ஆட்டுக்கல்லும் அதே. மிளகாயும் எண்ணெயும் கையும் பட்டுப் பட்டு வந்த கறுப்பு.

இதெல்லாம் உழைத்துச் சம்பாதித்த கறுப்பு. என் கோபம் இதன் மேல் இல்லை. எனக்குப் பயம் இன்னொரு கறுப்பின் மேல்.

நான் பிறந்தது திண்டிவனம் பக்கத்துக் கிராமம் என்று உங்களுக்குத் தெரியும். மண் சுவர், கூரை வீடு. அடுப்படி என்பது பின்பக்கத்தில் எட்டடிக்கு ஏழடி. சன்னல் கிடையாது. சுவரில் கைநீளத்துக்கு ஒரு பொந்து, அதுதான் புகைபோக்கி. மண் அடுப்பு ஒன்று, பக்கத்தில் கொடியடுப்பு ஒன்று. எரிக்கச் சவுக்கு மிலாறு, முள், வறட்டி. மல்லாட்டை உடைக்கிற காலத்தில் அதன் தோல். மழைக்காலத்தில் எல்லாம் ஈரம். அம்மா ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். ஊத ஊதப் புகை வரும், நெருப்பு வராது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். "அழுவுறியாம்மா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அடுப்பு அழுவுது" என்பாள்.

அந்த அறையில் எல்லாம் கறுப்பு. கூரை மூங்கில் கறுப்பு, சுவர் கறுப்பு, உறிக்கயிறு கறுப்பு, மேலேயிருந்து தொங்கும் ஒட்டடையும் கறுப்பு. நியாயமாகச் சொன்னால் அந்தக் கரியால் நன்மையும் இருந்தது. கூரை மூங்கிலில் வண்டு விழாது. சுரை விதை, பூசணி விதை, கத்தரி விதையை மூட்டை கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். புகை பட்டதில் பூச்சி வராது, அடுத்த ஆடிக்கு முளைக்கும். கரியைக் குழைத்துப் பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். அடுப்புக் கரியைப் பொடித்துப் பல் விளக்கினார்கள்.

ஆனால் அந்தக் கரியோடு தினம் மல்லுக்கட்டியது யார்? பானையை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் அதன் அடியில் சாம்பலையோ மண்ணையோ குழைத்துப் பூசுவாள் அம்மா. பூசினால் கரி அதன் மேல் படியும், கழுவும்போது சுலபமாக விடும். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து தேங்காய் நாரும் சாம்பலும் புளிச்சக்கையும் வைத்துத் தேய்ப்பாள். வெள்ளிக்கிழமை அடுப்புக்கு மெழுக்கு. பொங்கலுக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு. அடித்த சுண்ணாம்பு தை முடிவதற்குள் மஞ்சளாகி, பங்குனிக்குள் கறுத்துவிடும். மறுபடியும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அம்மா விரல் ரேகைகளில் கரி ஏறியிருந்தது. கல்யாணத்துக்குப் போகும்போது எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துப் பார்ப்பாள். போகாது. கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொள்வாள்.

நாற்பது வயதிலேயே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. ஐம்பதுக்கு மேல் படி ஏறினால் மூச்சு வாங்கும். நான் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய பிறகு ஊரை விட்டு வெளியே ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். படம் எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு என்னிடம், "அம்மா பீடி குடிப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபமான கோபம். என் அம்மாவைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா! வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. டாக்டர் கேட்டது நியாயமான கேள்வி என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது. நாற்பது வருஷம் தினமும் நாலு மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்தவளின் நுரையீரலும் அந்தக் கூரை மூங்கிலைப் போலத்தான் இருந்திருக்கும். 1983இல் போய்விட்டாள். வயது ஐம்பத்தாறு.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. வீட்டுக்குள் விறகும் சாணியும் கரியும் மண்ணெண்ணெயும் எரிப்பதால் வரும் புகையால் உலகத்தில் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பள்ளிப் பாடப் புத்தகத்தில் போர்களில் செத்தவர்கள் எண்ணிக்கை இருக்கும். அடுப்படியில் செத்தவர்களுக்கு ஒரு பாடம் கிடையாது. நானும் நடத்தவில்லை.

அந்தப் புகையை விரட்ட மனிதர்கள் பட்ட பாடு ஒரு பெரிய வரலாறு. சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் 1892இல் கரி படியாத மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். காற்று அடித்து எரிக்கிற பம்ப் ஸ்டவ் அதிலிருந்து வந்ததுதான். நம் நாட்டில் 1950களில் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் ஏழை வீடுகளுக்காகப் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். 1980களில் மத்திய அரசே புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. சில வீடுகளில் நன்றாக வேலை செய்தது, சில வீடுகளில் குழாய் அடைத்துக்கொண்டதும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். இண்டேன் கேஸ் 1965இல் கல்கத்தாவில் ஆரம்பித்தது. அது நம் ஊர்ப்பக்கம் வர வருஷங்கள் ஆனது. பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது 1986. அம்மா போய் மூன்று வருஷம் கழித்து. முதல் நாள் நீல நிறத்தில் நெருப்பு வந்தது. பால் பாத்திரத்தை இறக்கிவிட்டு அடியைத் தடவிப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. அந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உங்கள் சார் வந்து "பால் பொங்கிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

1994இல் இந்தத் திண்டிவனம் வீட்டைக் கட்டியபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று. அடுப்படி முழுக்க வெள்ளை டைல்ஸ், மேல்கூரை வரை. மேஸ்திரி, "அம்மா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றார். இருக்கட்டும் என்றேன். மஞ்சள் பட்டாலும் தெரியும், எண்ணெய் தெறித்தாலும் தெரியும், தினமும் துடைக்க வேண்டும் என்றார். துடைக்கிறேன் என்றேன். கறுப்பை ஜெயித்துவிட்டேன் என்பதற்கு அது என் கல்வெட்டு.

இதிலும் நான் தனி ஆள் இல்லை. இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்து வீடுகளில் பெரிய இரும்பு அடுப்பு இருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க, பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்தைக் குழைத்து அதன் மேல் தேய்த்து மெருகேற்றுவது வேலைக்காரப் பெண்களின் வேலை. விடியற்காலையில் மண்டியிட்டு உட்கார்ந்து அடுப்பைக் கறுப்பாக்குவார்கள். எஜமானிக்கு அடுப்பு மின்ன வேண்டும், அந்தப் பெண்ணின் கையும் முகமும் கறுக்கும். பிற்பாடு நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று தெரியவந்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இல் அறிவித்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரியிலும் குளியலறையிலும் சமையலறையிலும் வெள்ளை ஓடும் வெள்ளை எனாமலும் ஏறின. அழுக்கு உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். ஜெர்மனியில் 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் தொழிலாளர் வீடுகளுக்காகப் பிராங்க்பர்ட் சமையலறையை வடிவமைத்தார். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது போடப்பட்டது. அவர் கப்போர்டுக்கு நீலம் அடித்தார். ஈ நீலத்தில் உட்காராது என்ற அந்தக் கால நம்பிக்கைதான் காரணம். ஆக, அடுப்படிக்கு அடிக்கிற வண்ணம் எந்தக் காலத்திலும் வெறும் அழகுக்காக இருந்ததில்லை. அந்தந்தக் காலம் எதற்குப் பயந்ததோ அதற்கேற்ற வண்ணம்.

இவ்வளவு சொல்லும் நான் என் வெள்ளை அடுப்படியில் மேடைக்கு என்ன போட்டேன் தெரியுமா? கறுப்புக் கல்! இத்தனை வருஷமாக அது என் கண்ணில் படவே இல்லை.

நம் வீடுகளில் முதலில் வந்தது கடப்பாக் கல். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்திலிருந்து வருவது. அலமாரித் தட்டுக்கும் மேடைக்கும் அதைத்தான் போட்டார்கள், விலை குறைவு. அது சுண்ணாம்புக் கல் வகை. அதனால் எலுமிச்சையும் புளியும் பட்டால் வெளிறித் திட்டுத் திட்டாகும். ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மறுபடி கறுக்கும். அதற்குப் பிறகு வந்தது கறுப்பு கிரானைட். பேர்தான் கிரானைட். புவியியல்காரர்கள் அதை டோலரைட், காப்ரோ என்பார்கள். பூமிக்குள் உருகிய குழம்பு பாறை வெடிப்புகளில் ஏறி இறுகியது. புளிக்கும் எலுமிச்சைக்கும் அது அசையாது.

அந்தக் கல்லில் பேர்போன ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல். ஏற்றுமதி வியாபாரத்தில் 'குன்னம் பிளாக்' என்றால் தெரியும். 1970களின் இறுதியில் தமிழ்நாடு அரசே டாமின் என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கறுப்புக் கல் வெட்டி ஏற்றுமதி செய்தது. வெளிநாடுகளில் இந்தியக் கறுப்புக் கல் பெரும்பாலும் கல்லறைகளுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் போனது. வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்தவர்களின் பேர் பொறித்த சுவர் 1982இல் திறக்கப்பட்டது. அந்தக் கறுப்புக் கல் பெங்களூரிலிருந்து போனது. செத்தவர்களின் பேர் எழுதப் போன கல்லின் சொந்தக்காரக் கல்தான் நம் மேடையில் காய் நறுக்க வந்திருக்கிறது.

என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் கல் குவாரிக்குப் போன அப்பாக்களின் பிள்ளைகள் உண்டு. இதைப் படிப்பவர்களிலும் இருக்கிறீர்கள். சாயங்காலம் அப்பா வரும்போது தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும் என்று ஒருத்தன் கட்டுரையில் எழுதியிருந்தான். கறுப்புக் கல்லை உடைத்தால் வருகிற தூசி வெள்ளை. அன்று அந்த வரிக்கு மார்க் போட்டேன். இன்றைக்குத்தான் அந்த வரி புரிகிறது. அம்மா இருமியதும் அந்த அப்பாக்கள் இருமியதும் ஒரே இருமல்தான். எந்தக் கறுப்பு பளபளத்தாலும் அதன் பின்னால் யாரோ ஒருவர் எதையோ மூச்சில் இழுத்திருக்கிறார்.

இப்போது மருமகளின் கறுப்புக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை போய் அவளோடு கடைக்கே போனேன். கறுப்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பெயிண்ட் அடித்தது என்று நினைத்திருந்தேன். சிலவற்றில் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்ட வைக்கிறார்களாம். விலை கூடினவற்றில், காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். காற்றில்லாத இடத்தில் கறுப்பை வரவழைப்பது! கிண்ணத்தைக் கவிழ்த்துச் சுட்ட நம் குயவர் இதைக் கேட்டால் தலையாட்டியிருப்பார். அடுப்புக்கு மேலே மாட்டுகிற சிம்னியைக் காட்டினார்கள். புகையை வெளியே தள்ளும் குழாய் இல்லாத வகையில், வாசனையைப் பிடிக்க உள்ளே கரி ஃபில்டர். சமையலறைக்குள் கடைசியில் கரி தேவைப்படத்தான் செய்கிறது.

கடையிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்கு மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன். அம்மாவின் விரல், டாக்டரின் கேள்வி, 1986இன் பால் பாத்திரம். என் மகனும் நின்று கேட்டான். அவனுக்கே பாதி தெரியாது. மருமகள் முடியும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அத்தை, எங்கம்மா வீட்ல நான் பொறந்தப்பவே கேஸ் இருந்துச்சு. எனக்குக் கரின்னா என்னன்னே தெரியாது. அதனாலதான் எனக்குக் கறுப்பு அழகாத் தெரியுது போல."

என் கோபத்தின் வரலாறு அந்த ஒரு பேச்சில் இருந்தது. புகை இருந்தவரை கறுப்பை யாரும் அடுப்படிச் சுவருக்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை, இலவசமாகவே வந்துகொண்டிருந்தது. புகை போன பிறகுதான் கறுப்பு விலைக்கு விற்கிறது. அவள் அதை விரும்புகிறாள் என்றால் என் அம்மாவின் கஷ்டத்தை அவள் அவமதிக்கிறாள் என்று அர்த்தம் இல்லை. அந்தக் கஷ்டம் அவளை எட்டவே இல்லை என்று அர்த்தம். நாம் ஆசைப்பட்டதும் அதுதானே?

அப்படியே விட்டுவிட நான் என்ன சாதாரண மாமியாரா? மூன்று நிபந்தனை போட்டேன். முதலாவது, சன்னல். வரைபடத்தில் சன்னலை மறைத்து உயரமான ஒரு கப்போர்டு இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். மேல் கப்போர்டை வெளிர் நிறமாக மாற்றவும் அவளே ஒத்துக்கொண்டாள். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும், கீழே மட்டும் கறுப்பு என்றால் அறை இருட்டாது. இரண்டாவது, சிம்னியின் குழாய் கட்டாயம் வெளிச்சுவரைத் தாண்டிப் போக வேண்டும். கேஸ் எரிந்தாலும் தாளிப்பதும் வறுப்பதும் பொரிப்பதும் புகைதான். கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது, துடைப்பது யார் என்ற கேள்வி. கறுப்பு அழுக்கை மறைக்கும் என்று நினைக்காதீர்கள். மேட் கறுப்பில் விரல் பட்டால் தெரியும், மாவு பட்டால் தெரியும். சென்னை போர் தண்ணீரில் குழாயும் சிங்க்கும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அமிலமோ கம்பி நாரோ போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவுக்கு இது புதிய வேலை. பேசிய சம்பளத்தில் அடங்காத வேலை. விக்டோரியா காலத்துப் பெண் அடுப்பைக் கறுப்பாக்கினாள். இந்தப் பெண் கறுப்பைக் கறுப்பாகவே காப்பாற்ற வேண்டும். "யார் துடைப்பீங்க?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு மேடையும் சிங்க்கும் குழாயும் துடைப்பது என் மகன் பொறுப்பு என்று முடிவானது. எழுதி வாங்கவில்லை. ஆனால் இந்தப் பதிவில் போட்டுவிட்டேன், ஊர் அறிய.

வேலை போன வாரம் முடிந்தது. போய்ப் பார்த்தேன். காலை வெயில் சன்னல் வழியாக வந்து அந்தக் கறுப்பு மேடையில் விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அம்மாவின் தோசைக்கல்லை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கைப்பிடி இல்லாத பழைய இரும்புக் கல். அதை அங்கே வைத்தால் சட்டென்று எது கல் எது மேடை என்று தெரியவில்லை. மருமகள் முதல் தோசையை ஊற்றினாள். ஒட்டாமல் வந்தது.

பிள்ளைகளே, கடைசியாக ஒன்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 59 வீடுகளில்தான் கேஸ் போன்ற சுத்தமான எரிபொருளில் சமைத்தார்கள். இன்னும் பல வீடுகளில் இன்றைக்கும் ஒரு அம்மா ஊதிக்கொண்டிருக்கிறாள். சிலிண்டர் இருக்கிற வீட்டிலும் விலைக்குப் பயந்து வெந்நீருக்கும் குழம்புக்கும் பின்பக்கம் விறகு அடுப்பு மூட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் ஊர் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அடுத்த முறை போகும்போது அடுப்படிக்குள் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். புகை போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருமுகிறார்களா என்று கேளுங்கள். இருமினால் டாக்டரிடம் கூட்டிப் போகும்போது, எத்தனை வருஷம் விறகு எரித்தார்கள் என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அவர் கேட்க மறக்கலாம்.

உங்கள் வீட்டில் பழைய கறுப்புச் சாமான் எது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். படமும் போடுங்கள். குவாரிக் கட்டுரை எழுதிய பையன் இதைப் படித்தால், அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதப்பா.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்